நோயாளியின் வீட்டுக்கு ஒரு புத்தகம்

ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்காவின் டாலஸ் நகரைச் சேர்ந்த மருத்துவர் வெண்டி ஹார்ப்பம் எழுதிய இரண்டு புத்தகங்களை அண்மையில் படித்தேன். 1990இல், மூன்று சிறு குழந்தைகளை வளர்த்துக்கொண்டிருந்தபோது, 36 வயதில் அவருக்கு நிணநீர்ப் புற்றுநோய் வந்தது. நோய் பலமுறை திரும்பியதாலும் உடல் அசதி தீராததாலும் நோயாளிகளைப் பார்க்கும் வேலையைத் தொடர முடியாமல் போனவர், எழுதுவதையே தம் தொழிலாக்கிக்கொண்டார். 1992இல் வந்த அவருடைய முதல் புத்தகம், நோய் என்று தெரிந்தபின் வரும் முதல் சில மாதங்களை மட்டுமே பேசுகிறது. அதை மூடி வைத்தபோது எனக்கு வந்தது ஆற்றாமைதான். இரண்டு வருடம் முன்பு இப்படி ஒன்று தமிழில் கையில் கிடைத்திருந்தால் என்ற ஆற்றாமை.

என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. இரண்டாவது கீமோ முடிந்த பத்தாம் நாள் இரவு 101 டிகிரி காய்ச்சல் அடித்தது. சாதாரணக் காய்ச்சலுக்குச் செய்வதுபோல் பாராசிட்டமால் கொடுத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டு, விடிந்ததும் போகலாம் என்று இருந்துவிட்டோம். காலையில் வார்டு டாக்டர், "ராத்திரியே வந்திருக்கணும் சார்" என்று கடிந்துகொண்டார். கீமோ போட்ட பின் ஏறத்தாழ ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும் என்பதும், அந்த நாட்களில் 100.4 டிகிரியைத் தொட்டாலே மாத்திரை போட்டுக் காத்திராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதும் அதன் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தன. ஃபைலில் அது இல்லாமல் இல்லை. ஆங்கிலத்தில், மூன்றாம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் இருந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாவுக்கோ அந்த ஃபைல், ஸ்கேன் படங்கள் மடங்காமல் வைத்துக்கொள்ளும் ஓர் உறை, அவ்வளவுதான்.

ஹார்ப்பம் 1997இல் எழுதியது, பெற்றோருக்குப் புற்றுநோய் வந்த வீட்டில் குழந்தைகளிடம் எப்படிப் பேசுவது என்பதைப் பற்றியது. குழந்தைகளே படிப்பதற்கென்று ஒரு கதைப் புத்தகத்தையும் அதனுடன் சேர்த்துக் கொடுத்தார். குழந்தையிடம் உண்மையை மறைக்காதீர்கள், ஆனால் அன்போடும் நம்பிக்கையோடும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறார். நாங்கள் செய்தது இதற்கு நேர்மாறு. முடி கொட்டியதும் என் மனைவி தலையை மழித்துக்கொண்டாள். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள், "அம்மா ஏன் மொட்டை?" என்று கேட்டபோது, பழனிக்கு நேர்ந்துகொண்டது என்று என் தாயார் சமாளித்தார். "அப்போ என்னை மட்டும் ஏன் கூட்டிட்டுப் போகலை?" என்று கேட்டுவிட்டு அவள் இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாகவே நினைத்திருக்கிறாள்.

இந்தப் புத்தகங்களை அப்படியே மொழிபெயர்த்தால் போதுமா என்றால், போதாது என்றே நினைக்கிறேன். தமக்கு என்ன நோய் என்று நோயாளிக்குத் தெரியும் என்ற இடத்திலிருந்து அவை தொடங்குகின்றன. நம் ஊரிலோ, "அவங்களுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர்" என்று வராந்தாவில் தனியாக நிறுத்திக் கேட்டுக்கொள்வதிலிருந்துதான் பல குடும்பங்களில் சிகிச்சையே தொடங்குகிறது. புற்றுநோயைக் குணமாக்கும் என்று முள்சீத்தா கசாயத்தோடு வரும் சித்தப்பாவுக்கு என்ன பதில் சொல்வது, தையல் வேலைக்கோ வயல் வேலைக்கோ எப்போது திரும்பலாம் என்பன போன்ற கேள்விகளுக்கு டாலஸிலிருந்து விடை வராது. தங்கை புற்றுநோயால் இறந்ததைக் கண்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முன்னின்று அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை 1954இல் தொடங்கி எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. இந்தக் கேள்விகளுக்கெல்லாம் அன்றாடம் வாய்மொழியாகப் பதில் சொல்லும் மருத்துவர்கள் தமிழகம் முழுவதும் இருக்கிறார்கள். அந்தப் பதில்களை அவர்கள் அதே பேச்சு வாக்கில் தமிழில் எழுதித் தர வேண்டும். எழுத நேரமில்லை என்றால், சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதிக்கொள்ளலாமே. புத்தகமாக வரும்வரை தங்கள் நாளிதழ் வாரம் அரைப் பக்கம் இதற்கென்று ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதல் வாரத்துக்கு என்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது: கரண்ட், அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை, வைத்துக்கொண்டிருக்கும் தாயின் பக்கத்தில் குழந்தை படுக்கலாமா? தாராளமாகப் படுக்கலாம்; மெஷின் மூலம் வெளியிலிருந்து கொடுக்கும் கதிர்வீச்சு உடம்பில் தங்குவதில்லை. இது தெரியாமல், சிகிச்சை நடந்த ஐந்து வாரமும் எங்கள் மகளைப் பாட்டியோடு கூடத்தில் படுக்க வைத்திருந்தோம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருச்சி