கை ஓவியம் குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் இறுதிப் பக்கத்தில், கவிதை ஒன்றின் அருகே சிறிதாக அச்சிட்டிருந்த தைலவர்ணக் கை ஓவியத்தைப் பற்றி எழுதுகிறேன்.

முகத்தைவிடக் கையை வரைவதே கடினம் என்பதைப் பல ஆண்டுகள் சித்திரம் கற்பித்தவன் என்ற வகையில் நான் அறிவேன். 27 எலும்புகள் கொண்ட அவ்வுறுப்பில், விரலை மடக்கும் தசை விரலுக்குள் இல்லை. அது பெரும்பாலும் முன்கையில் இருந்துகொண்டு தசைநாணால் இழுக்கிறது. ஆகவே விரலின் அசைவை மணிக்கட்டிலும் காட்டத் தெரியாதவர் வரையும் விரல்கள் ஒட்டவைத்தவைபோல நிற்கும். இந்த ஓவியரோ, மடங்கிய மோதிர விரலுக்கு இசைய, மணிக்கட்டில் மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்றைத் தீட்டியிருக்கிறார். என் கண் முதலில் அங்கேதான் நின்றது.

புறங்கைப் பக்கம் விரல்கள் மொளியிலிருந்தே தொடங்கி நீண்டு தெரியும். உள்ளங்கைப் பக்கம் விரலிடைத் தோல் மேலேறியிருப்பதால் அதே விரல்கள் குறுகித் தெரியும். மாணவர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒரே அளவில் வரைந்துவிடுவார்கள். பாதி திரும்பிய இக்கையில் இரண்டு அளவுகளும் ஒருங்கே வந்தும் எங்கும் பிசகவில்லை. நிழல் விழும் இடங்களில் தோலின் செம்மைக்கு அடியில் பச்சை மண்ணிறம் தெரிகிறது. அதனால்தான் அச்சிலும் அத்தோல் உயிர்ப்போடு இருக்கிறது.

எங்கள் திருக்கடலூர்க் கரையில் வலை பொத்துகிறவர்கள் ஊசியைக் கீழே வைத்த பின்னரும் அவர்களின் விரல்கள் சற்று நேரம் அதே வளைவில் நிற்பதைக் கண்டிருக்கிறேன். வேலையை இப்போதுதான் விட்ட அந்த வளைவை இவ்வோவியத்திலும் கண்டேன்.

‘பயிற்சி ஓவியம்’ என்ற குறிப்பைப் பார்த்துச் சில வாசகர்கள் இதைக் கடந்து போயிருக்கலாம் என்பதே என் கவலை. ஜேர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர், 1508இல் ஒரு பலிபீட ஓவியத்துக்கு ஆயத்தமாக நீலத்தாளில் தூரிகையால் வரைந்த கூப்பிய கைகள் இன்றும் வியன்னாவில் இருக்கின்றன. அந்தப் பலிபீடத்தின் நடு ஓவியமோ 1729இல் மியூனிக்கில் தீக்கிரையாயிற்று.

இனி இத்தகைய படைப்புகளை வெளியிடும்போது ஓவியரின் பெயரோடு மூலத்தின் அளவையும், அது துணியிலா பலகையிலா தீட்டப்பட்டது என்பதையும் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இயலுமாயின் இந்தக் கையை ஒருமுறை முழுப் பக்கத்தில் அச்சிட்டு உதவுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுநிலைச் சித்திர ஆசிரியர்,
உவர்மலை, திருகோணமலை.