எங்கள் போன் நம்பர் கட்சிகளின் கைக்குப் போன வழியைக் கேட்டு ஒரு மனு

அனுப்புநர்:
ஜெராக்ஸ் கடை நடத்தும் வாக்காளர் ஒருவர்,
சங்கரன்கோவில், தென்காசி மாவட்டம்.

பெறுநர்:
தலைமைத் தேர்தல் அதிகாரி அவர்கள்,
தமிழ்நாடு, தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

நாள்: 21.01.2026

பொருள்: வாக்காளர்களின் கைப்பேசி எண்களையும் சொந்த விவரங்களையும் திரட்டி ஆள் பார்த்துச் செய்யப்படும் தேர்தல் பிரச்சாரம் – அனுப்பியவர் பெயரையும் எண் கிடைத்த வழியையும் தெரிவிக்கச் செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்புக்குரிய அம்மையீர் / ஐயா,

வணக்கம். நான் பத்தொன்பது வருடமாக ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். ஒரு மினி ஆஃப்செட் அச்சு மிஷினும் உண்டு. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, தேர்தல் வந்தால் நோட்டீஸ். எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. எல்லாக் கட்சிக்காரர்களும் வாடிக்கையாளர்கள்தான். எல்லாரிடமும் கொஞ்சம் பாக்கியும் நிற்கிறது.

பொங்கலுக்கு முந்தைய வாரம் ஒருநாள் சாயங்காலம், ஒரே கட்சியிடமிருந்து எங்கள் வீட்டின் நான்கு போனுக்கும் நான்கு விதமான சேதி வந்தது. என் வாட்ஸ்அப்பில் என் பெயர், வாக்காளர் பட்டியலில் என் பாகம் எண், வரிசை எண், ஓட்டுப் போடும் பள்ளிக்கூடத்தின் பெயர், அப்புறம் சிறு வணிகர்களுக்குக் கடன் என்று ஒரு வாக்குறுதி. மனைவிக்கு அவள் பெயரில் மகளிர் உரிமைத் தொகை பற்றி. கல்லூரியில் படிக்கும் மகனுக்கு வேலைவாய்ப்பு பற்றி ஒரு வீடியோ. அம்மாவின் பட்டன் போனுக்கு ஓர் அழைப்பு வந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "பென்ஷன் ஒழுங்கா வருதாம்மா?" என்று ஒரு குரல் கேட்டது. அம்மா யாரோ சொந்தக்காரப் பையன் என்று நினைத்து, மூட்டுவலி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். "ஆம் என்றால் எண் ஒன்றை அழுத்தவும்" என்று வந்த பிறகுதான் அது மிஷின் என்று தெரிந்தது. போனை வைத்துவிட்டு வெகுநேரம் அவர் பேசவில்லை.

என் கேள்வி ஒன்றுதான். வாக்காளர் பட்டியலில் பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம், அட்டை எண் இருக்கும். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு அது சட்டப்படியே கிடைக்கிறது, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதில் போன் நம்பர் கிடையாது. அப்படியிருக்க, இந்த வரிசை எண்ணுக்கு இந்த நம்பர், இந்த வீட்டில் பென்ஷன் வாங்கும் வயதில் ஒரு அம்மா, அந்தப் பையனுக்கு வேலை தேடும் வயது என்று கோத்துக் கொடுத்தது யார்?

கடையில் உட்கார்ந்திருப்பவனுக்குச் சில வழிகள் கண்ணில் படும். சென்ற நவம்பரில் வாக்காளர் பட்டியலுக்குச் சிறப்பு தீவிரத் திருத்தம் நடந்தபோது கணக்கீட்டுப் படிவத்துக்கு ஜெராக்ஸ் எடுக்க என் கடையில் வரிசை நின்றது. பிறந்த தேதி, கைப்பேசி எண், பெற்றோர் பெயர், விருப்பப்பட்டால் ஆதார் எண் என்று அதில் கட்டங்கள். கட்சிகளின் வாக்குச்சாவடி நிலை முகவர்கள் நாளொன்றுக்கு 50 படிவம் வரை வாங்கிக் கொடுக்கலாம் என்று அனுமதியும் இருந்தது. என் கடை வாசலில் மேசை போட்டிருந்த ஒரு முகவர், வாங்கிய ஒவ்வொரு படிவத்தையும் தன் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். "தொலைஞ்சா ஒரு பேக்கப்பு வேணும்ல அண்ணாச்சி" என்றார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அந்தப் படங்கள் இன்று எங்கே இருக்கின்றன என்று அவருக்கே தெரியுமா என்பதுதான் சந்தேகம்.

இரண்டு வாரம் கழித்து வேறொருவர் வந்தார். "ஸ்கேன் பண்ணினது எல்லாம் கம்ப்யூட்டர்லதானே கிடக்கும்? நம்பர் மட்டும் லிஸ்டா குடுங்க" என்று நம்பருக்கு இவ்வளவு என ஒரு விலை சொன்னார். முடியாது என்று அனுப்பிவிட்டேன். அன்றிரவு பார்த்தால், இரண்டு வருட ரேஷன் அட்டையும் ஆதாரும் அழிக்காமல் அப்படியே கிடந்தன. அது என் தப்பு, உட்கார்ந்து அழித்தேன். எல்லாக் கடையிலும் அழித்திருப்பார்களா?

இது புதிதாக வந்த சங்கதியும் இல்லை. 2021 புதுச்சேரி சட்டமன்றத் தேர்தலின்போது, ஆதாரோடு இணைத்த எண்களுக்கு ஒரு கட்சியிடமிருந்து, வாக்குச்சாவடி வாரியாக வாட்ஸ்அப் குழுக்களில் சேரச் சொல்லிக் குறுஞ்செய்தி போனதாகச் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. எங்கள் தொண்டர்கள் பாடுபட்டுத் திரட்டிய எண்கள் என்றது அந்தக் கட்சி. நீதிமன்றம் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. ஆதார் ஆணையத்திடமும் பதில் கேட்டது. அதற்கு முன்பு 2018இல், ஒரு செயலி வழியாகத் திரட்டிய ஃபேஸ்புக் விவரங்களை வாங்கித் தேர்தல் பிரச்சார வேலை பார்த்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற நிறுவனத்தின் விவகாரம் வெடித்தபோது, உலகம் முழுக்க 8.7 கோடிப் பேரின் விவரங்கள் போயிருக்கலாம் என்று ஃபேஸ்புக் நிறுவனமே சொன்னது. இந்தியாவில் அந்தச் செயலியைப் போட்டுக்கொண்டவர்கள் 335 பேர். நட்பு வட்டம் வழியாகப் பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் 5.62 லட்சம். ஒருவர் சரி என்று தட்டியதற்கு எத்தனை பேருடைய விவரம் போயிருக்கிறது பாருங்கள்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 127ஏ எங்களுக்கு மனப்பாடம். தேர்தல் நோட்டீஸில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். வெளியிடுபவர் இரண்டு பேர் சான்றோடு உறுதிமொழி தர வேண்டும். அதையும் அச்சிட்ட பிரதியையும் நாங்கள் மாவட்ட ஆட்சியருக்கு அனுப்ப வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கையால் எழுதிப் பிரதி எடுப்பதைத் தவிர எல்லாமே இதில் அடங்கும்; ஐம்பது ஜெராக்ஸ் போட்டாலும் நான் பொறுப்பு. ஆனால் என் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட குரலுக்குப் பொறுப்பு யார் என்று அந்தப் பிரிவில் எழுதியில்லை.

தேர்தல் ஆணையம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லவில்லை. வேட்பாளர்கள் சமூக ஊடகக் கணக்குகளைத் தெரிவிக்க வேண்டும், விளம்பரத்துக்கு முன்சான்று வாங்க வேண்டும், செலவைக் கணக்கில் காட்ட வேண்டும் என்று 25.10.2013 அன்றே அறிவுறுத்தல் வந்தது. கணக்கெடுப்பு என்ற பெயரில் திட்டப் பயனுக்கு ஆள் சேர்த்து விவரம் வாங்குவதை நிறுத்தும்படி 02.05.2024 அன்று கட்சிகளுக்குச் சொன்னார்கள். ஆனால் என்ன சொன்னார்கள், எவ்வளவு செலவழித்தார்கள் என்று பார்க்கிறார்களே தவிர, நம்பர் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. அதோடு, சுவரில் ஒட்டிய நோட்டீஸை எதிர்க்கட்சிக்காரரும் படிப்பார், மறுநாளே பதில் நோட்டீஸ் அடிக்க என்னிடம் வருவார். வீட்டுக்குள் நாலு பேருக்கு நாலு வாக்குறுதி வந்தால் யார் படித்து யார் பதில் சொல்வது? நாங்களே நாலு போனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தாலும், விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம். அதற்குள் இந்த 2026 சட்டமன்றத் தேர்தல் முடிந்துவிடும்.

ஆகவே, கட்சியோ வேட்பாளரோ அவர்களுக்காக வேலை செய்யும் நிறுவனமோ மொத்தமாக அனுப்பும் ஒவ்வொரு குறுஞ்செய்தியிலும் வாட்ஸ்அப்பிலும் குரல் அழைப்பிலும் அனுப்புபவர் பெயர் இருக்க வேண்டும். என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று வாக்காளர் கேட்டால் ஏழு நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்று உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரே நாளில் எத்தனை விதமாக அனுப்பினாலும் அத்தனைக்கும் ஒரு பிரதி மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் போய், யாரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். திருத்தப் பணியில் வாங்கிய படிவங்களின் படமோ நகலோ தங்களிடம் இல்லை என்று முகவர்களிடம் எழுதி வாங்க வேண்டும். தங்கள் அதிகாரத்துக்குள் முடியாததைத் தேர்தல் ஆணையத்துக்குப் பரிந்துரைத்தால் போதும்.

இன்னொன்று. ஆன்லைன் மோசடியில் பணம் போனால் 1930க்குப் போன் போட வேண்டும் என்று ஊருக்கே தெரியும். நம்பர் போனால் எங்கே சொல்வது? அதற்கும் ஓர் இடம் சொல்லுங்கள்.

விசாரணைக்குக் கூப்பிட்டால் கடையை அடைத்துவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இணைப்பு: வாட்ஸ்அப் செய்திகளின் படம் – 3, அம்மாவின் போனில் வந்த அழைப்பு விவரத்தின் படம் – 1. மூவரிடமும் கேட்டுத்தான் வைத்திருக்கிறேன். மற்றவர்களின் எண்கள் மறைக்கப்பட்டுள்ளன.