சபாபதிக்கு: 1933-இன் மினோல்டா பற்றி

அன்பு நண்பர் சபாபதி அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதமும் பேத்தியின் பெயர்சூட்டு விழாப் படங்களும் வந்து சேர்ந்தன. வீட்டில் எல்லோரும் பார்த்து மகிழ்ந்தோம். ஒசாகாவில் பணிபுரியும் என் மருமகன் அங்குள்ள பழைய பொருள் கடையொன்றில் வாங்கி அனுப்பிய மடிப்புக் கேமராவைப் பற்றி விரிவாக எழுதச் சொல்லியிருந்தீர்கள். கூடவே, "அதுவும் ஜெர்மன் கேமராவின் நகல்தானே?" என்று ஒரு குத்தலும் வைத்திருந்தீர்கள். நகல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நகலின் எந்தப் பகுதி எப்போது ஜப்பானியர் கைக்கு வந்தது என்று தேடிப் பார்த்தால் கதை வேறாகச் சுவைக்கிறது.

என்னிடம் இருப்பது 1933-இல் வெளிவந்த மினோல்டா. பின்னாளில் உலகெங்கும் பரவிய அந்தப் பெயரை முதலில் தாங்கியது இதுவே. ஃபிலிமுக்குப் பதிலாக, ஒளிபட்டால் படம் பதியும் பூச்சிட்ட 6.5 × 9 செ.மீ. அளவுள்ள கண்ணாடித் தகட்டில் படம் எடுக்கும். மூடியிருக்கையில் தட்டையான பெட்டி. முன்பலகையை இறக்கி லென்ஸை முன்னுக்கு இழுத்தால், லென்ஸையும் பெட்டியையும் இணைக்கும் மடிப்புக் கூடான துருத்தி விரிகிறது. பின்புறத்துத் தேய்த்த கண்ணாடியில் தலைகீழாக விழும் உருவத்தைப் பார்த்துத் தெளிவைச் சரிசெய்து, ஒளியை உள்ளே விட்டு மறைக்கும் கதவான ஷட்டரை மூடி, கண்ணாடி இருந்த இடத்தில் தகட்டு உறையைச் செருகி, அதன் மூடியை உருவிய பிறகுதான் படம் எடுக்கவே முடியும். இதையெல்லாம் செய்து பார்த்த பின், பழைய படங்களில் மனிதர்கள் ஏன் அப்படி விறைத்து நிற்கிறார்கள் என்று நான் வியப்பதில்லை.

ஜப்பானில் கேமராத் தொழில் மரத்திலிருந்து தொடங்கியது. 1873-இல் டோக்கியோவில் ஒளிப்பட, கல்லச்சுப் பொருள்களை விற்கத் தொடங்கிய கொனிஷி கடையினர், நுணுக்கமான மரவேலை தெரிந்த தச்சர்களைக் கொண்டு கேமராப் பெட்டிகளைச் செய்வித்தார்கள். 1902-இல் ரொகுவோஷா என்னும் தொழிற்சாலையை நிறுவி, மறு ஆண்டே 'செர்ரி' என்ற எளிய பெட்டிக் கேமராவை வெளியிட்டார்கள். ஜப்பானில் தனிப்பெயர் சூட்டி விற்கப்பட்ட முதல் கேமரா அதுதான் என்பார்கள். அடுத்து வந்த 'லில்லி' என்னும் மடிப்புத் தகட்டுக் கேமராவில் மரவேலை அவ்வளவு நேர்த்தி. ஆனால் நல்ல லென்ஸும் ஷட்டரும் கடல் கடந்துதான் வரவேண்டியிருந்தன. பெட்டி செய்வது அவர்களுக்குக் கைவந்த கலை, கண்ணாடிதான் கைவரவில்லை.

முதல் உலகப் போரில் ஜெர்மன் ஒளியியல் பொருள்களின் வரவு நின்றபோது அந்தக் குறை சுட்டது. 1917-இல் நிப்பான் கொகாகு நிறுவனம் தோன்றியது. 1921-இல் எட்டு ஜெர்மன் வல்லுநர்களை அழைத்து வந்து லென்ஸ் வடிவமைப்பைக் கற்றுக்கொண்டது. நிக்கான் என்று இன்று நாம் அழைப்பது அதைத்தான்.

என் கேமராவின் மூதாதையும் ஏறக்குறைய அதே வழியில் வந்தது. கஸுவோ தஷிமா என்ற வணிகக் குடும்பத்து இளைஞர் 1928 நவம்பரில், வில்லி ஹைலெமான், பில்லி நாய்மான் என்ற இரு ஜெர்மானியரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஒசாகாவுக்கும் கோபேக்கும் இடையே ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் பெயரிலேயே ஜப்பானும் ஜெர்மனியும் சேர்ந்திருந்தன. அடுத்த ஆண்டு வந்த அதன் முதல் கேமரா 'நிஃப்காலெட்' சுருள் ஃபிலிமுக்கானது. அதன் லென்ஸும் ஷட்டரும் ஜெர்மனியில் வாங்கியவை. 1931-இல் நிறுவனம் 'மோல்டா' என்று பெயர் மாறியது. ஜெர்மானியர் இருவரும் விலகிச் சென்றார்கள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் என் மேசைமேல் இருக்கும் இந்தக் கேமரா. உடல் அமைப்பு அப்பட்டமாக ஜெர்மன் பாணி. ஆனால் 'கிரௌன்' என்று பொறித்த ஷட்டர் ஜப்பானில் செய்தது. 'கொரோனார்' லென்ஸோ, பிற்காலத்தில் பென்டாக்ஸ் கேமராக்களால் புகழ்பெற்ற அசாஹி கொகாகு செய்து கொடுத்தது. வெறும் நான்கு ஆண்டுகளில் இந்த மாற்றம்! மற்றவர் வடிவத்தை எடுத்துக்கொள்வது எளிது. ஒரு நொடியின் சிறு பங்கை ஒழுங்காக அளந்து திறந்து மூடும் ஷட்டரைச் செய்வது எளிதன்று. ஆகவே தங்கள் குத்தலில் பாதியை மட்டுமே ஏற்கிறேன். தஷிமாவின் நிறுவனம் தன் சொந்த லென்ஸான 'ரொக்கோர்' வரிசைக்கு வந்து சேர 1940-ஆம் ஆண்டாயிற்று.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தொடக்க கால மினோல்டாக்களைக் கடைகளுக்கு அனுப்பிய அசனுமா வணிக நிறுவனம் கொனிஷிக்குப் பழைய போட்டியாளர். அப்படியிருக்க, கொனிஷியின் வழிவந்த கொனிகாவும் தஷிமாவின் மினோல்டாவும் 2003-இல் ஒன்றாக இணைந்து, 2006-இல் கேமராத் தொழிலையே விட்டுவிட்டன. வணிகத்தில் பகை நிலைப்பதில்லை போலும்.

கேமரா நல்ல நிலையில்தான் இருக்கிறது. துருத்தியின் மடிப்பு மூலைகளில் இருந்த ஊசித்துளைகளைக் கறுப்புத் துணி ஒட்டி அடைத்துவிட்டேன். கண்ணாடித் தகடு கிடைப்பது அரிது என்பதால், உறைக்குள் தகரச் சட்டம் வைத்துத் தாள் ஃபிலிமை வெட்டிப் போடலாம் என்று எண்ணுகிறேன். தங்கள் தந்தையாரின் ஸ்டுடியோவிலிருந்து எடுத்துவைத்த பழைய தகட்டு உறைகள் இன்னும் பரணில் இருக்கின்றனவா? அவற்றில் பெரும்பாலானவை 'குவார்ட்டர் பிளேட்' எனும் கால் தகட்டு அளவாகத்தான் இருக்கும், இதற்குப் பெரிதாகிவிடும். ஆயினும் சிறியவை ஏதேனும் அகப்பட்டால் உள்ளளவை அளந்து எழுதுங்கள்.

தங்கள் அன்புள்ள,
வேங்கடேசன்