உங்கள் நாட்டில் கரண்ட் இருக்கிறதா?

வாசிகசாலையில் சனிக்கிழமைகளில் கூடி, இல்லாத ஒரு நாட்டுக்கு வரலாறு எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு,

வணக்கம். நான் கிளிநொச்சியில் ரேடியோ, ரீவி திருத்துகிறவன். உங்களில் ஒருவன் என் அக்காவின் மகன். அவன் என் கடையில் மறந்து விட்டுப்போன சீ.ஆர். கொப்பியைத் திறந்து பார்த்தது என் பிழைதான். பார்த்ததோடு நிற்காமல் முழுக்க வாசித்தும் விட்டேன். அவனிடம் மட்டும் சொல்லிவிட்டால் உங்களிடம் வரும்போது அது வேறு கதையாகிவிடும். அதனால்தான் எல்லாருக்கும் பொதுவாக எழுதுகிறேன். நாட்டின் பெயரை இங்கே சொல்லவில்லை. அது உங்கள் சொத்து.

காசுத்தாள், தபால்தலை, ரயில் பாதை எல்லாம் நல்லாயிருக்கிறது. ஆனால் நான் நின்ற இடம் அந்த நாட்டின் வர்த்தகத் தொலைக்காட்சி பற்றிய பதினான்கு பக்கம். 1961இல் தொடக்கம், 1974இல் கலர், 1986இல் இரண்டாவது அலைவரிசை. ஏழு சின்னங்களைக் கலர் பென்சிலால் கீறியிருக்கிறீர்கள். இரவு ஒளிபரப்பு முடியும்போது போடுகிற பாட்டுக்கூட எழுதியாயிற்று. சரி. ஆனால் அந்தப் பதினான்கு பக்கத்திலும் ஒருவரும் ஒரு சதம் கட்டவில்லையே! தலைப்பில் 'வர்த்தக' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது, உள்ளே ஒரு விளம்பரம் இல்லை. அறிவிப்பாளருக்குச் சம்பளம் யார் கொடுத்தது?

நியூயோர்க்கில் 1941 யூலை 1ஆம் திகதி, பேஸ்போல் ஆட்டம் ஒன்று தொடங்குவதற்குச் சற்று முன் புலோவா கைக்கடிகார விளம்பரம் வந்தது. அமெரிக்க வரைபடத்தின் மேல் ஒரு மணிக்கூடு, சில செக்கன், அவ்வளவுதான். அமெரிக்காவின் வர்த்தகத் தொலைக்காட்சிக் கதையை அங்கேயிருந்துதான் தொடங்குவார்கள். இங்கிலாந்தில் பி.பி.சி. 1936இலேயே தொலைக்காட்சி நடத்தியது. விளம்பரம் போடுகிற ஐ.ரீ.வி. வர 1955 செப்டெம்பர் 22 ஆகிவிட்டது. அதன் முதல் விளம்பரம் ஐஸ் கட்டிக்குள் வைத்த கிப்ஸ் பற்பசை. தூர்தர்ஷன் 1959இல் தொடங்கி, 1976இல்தான் விளம்பரத்துக்கு இடம் கொடுத்தது.

எங்கள் நாட்டில் இது தலைகீழ். இங்கே முதலில் வந்தது தனியார். 1979 ஏப்ரல் 13, சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி, கொழும்புக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு சிறிய நிலையம் தொடங்கியது. அதன் பெயர் சுயாதீனத் தொலைக்காட்சி. யூன் மாதமே அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது, பெயரில் சுயாதீனம் மட்டும் இன்றுவரை மிச்சம். (இதை நீங்கள் கொப்பியில் எழுதியிருந்தால், நம்பும்படியாக இல்லை என்று நானே வெட்டியிருப்பேன்.) 1982 பெப்ரவரி 15இல் ஜப்பான் உதவியோடு அரசாங்கத் தொலைக்காட்சியான ரூபவாஹினி வந்தது. தனியாருக்கு மறுபடி கதவு திறக்க 1990கள் ஆயிற்று.

அந்த 1990களில் இங்கே என்ன நடந்தது என்று உங்கள் அம்மா அப்பாவிடம் கேளுங்கள். கொழும்பில் புதிது புதிதாக அலைவரிசைகள் தொடங்கிக்கொண்டிருந்தன. இங்கே வன்னியில் யுத்தம், கரண்ட் இல்லை. பற்றறியும் தடைப்பட்ட சாமான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டோம். பி.பி.சி. தமிழோசை முடியும்வரை சுற்றுகிற பையனுக்குக் கை ஓயக்கூடாது. ஓய்ந்தால் செய்தியும் இழுபட்டுச் சாகும், பெரியவர்களிடம் ஏச்சும் விழும்.

அப்போது எங்கள் பக்கத்தில் வர்த்தகத் தொலைக்காட்சி என்றால் ஒரே ஒரு ஆள். ரீவி, டெக் (வீடியோ கசற் ஓடுகிற பெட்டி), ஜெனரேற்றர் மூன்றும் அவருடையது. கிடுகால் மறைத்த கொட்டில், தலைக்கு இவ்வளவு என்று காசு. காசில்லாத வீட்டுப் பிள்ளை ஒரு தேங்காய் கொண்டுவந்தாலும் உள்ளே விடுவார். பெற்றோல் கிடைக்காத காலம். சின்னப் போத்தலில் வைத்திருக்கிற பெற்றோலைக் கொஞ்சம் காட்டி ஸ்ரார்ட் பண்ணுவார், பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். வோல்டேஜ் இறங்கினால் படம் நாலு பக்கமும் சுருங்கும், சுற்றிவரக் கறுப்புச் சட்டம் விழும், கதாநாயகன் மெலிந்துகொண்டே போவான். அதைச் சரிபார்க்க என்று ஜெனரேற்றருக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிற வேலை எனக்கு. புகையோடு படம் பார்த்ததில் சில படங்களின் கதை இன்றைக்கும் எனக்குப் பாதிதான் தெரியும்.

சண்டைக் காட்சி நல்லாச் சூடு பிடிக்கிற நேரம் பார்த்து அவர் டெக்கை நிறுத்துவார். "இன்னும் அரைப் போத்தல் எண்ணெய் வேணும், என்ன செய்வம்?" என்று கேட்டுத் தகரப் பேணியைச் சனத்துக்குள் அனுப்புவார். பேணி திரும்பி வந்த பிறகுதான் கதாநாயகனுக்குக் கை அசையும். விளம்பர இடைவேளை என்றால் என்ன என்று நான் அங்கேதான் படித்தேன். தாங்கியில் எண்ணெய் இருந்த இரவுகளிலும் பேணி வந்தது என்பதை இப்போது சொன்னால் குற்றமில்லை என்று நினைக்கிறேன்.

உங்கள் நாட்டில் அந்தப் பேணி எங்கே? சவர்க்காரக் கொம்பனியா, தேயிலைக் கொம்பனியா, அரசாங்கமா, ரீவி வைத்திருக்கிற வீட்டுக்காரரிடம் வாங்குகிற வரிப் பணமா? அதை முடிவு செய்தால் மிச்சம் தானாக வரும். யார் கட்டினார்களோ அவர்களைக் கோபப்படுத்தாத செய்திதான் இரவு எட்டு மணிக்குப் போகும். இரண்டாவது அலைவரிசை 1986இல் ஏன் வந்தது என்பதற்கும் ஒரு காரணம் கிடைக்கும். இப்போது அது காரணமில்லாமல் வந்து நிற்கிறது.

அடுத்தது வரைபடம். '1961இல் நாடு முழுவதும் கண்டு மகிழ்ந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகளே, அது நடக்காது. ரீவி அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும். மலை மறைக்கும், தூரம் கூடினால் பூமியின் வளைவே மறைக்கும். அதனால்தான் ரூபவாஹினிக்குப் பிதுருதலாகல மலை உச்சி தேவைப்பட்டது. ஐ.ரீ.வி.கூட முதலில் லண்டனுக்கு மட்டும்தான். ஸ்கொட்லாந்துக்கு 1957, வட அயர்லாந்துக்கு 1959. ஒவ்வொரு கோபுரத்துக்கும் காசு வேண்டும், காசு போடுகிறவன் சவர்க்காரம் வாங்குகிற சனம் நெருக்கமாக இருக்கிற ஊரைத்தான் முதலில் பார்ப்பான்.

முறிகண்டி தாண்டி மாங்குளத்துக்குப் போகிற வழியில் கொக்காவிலில் ஒரு கோபுரம் நிற்கிறதே, பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். 174 மீற்றர். அங்கே முன்பு ரூபவாஹினியின் அலையை வாங்கி மறுபடி அனுப்புகிற அஞ்சல் நிலையம் இருந்தது. 1990 யூலைச் சண்டையோடு அது போயிற்று. இப்போது நிற்கிறதை 2011 யூனில்தான் திறந்தார்கள். இடையில் 21 ஆண்டு. தொலைக்காட்சி வரலாறு என்று யாராவது எழுதினால் அந்த 21 ஆண்டும் அதில் ஒரு அத்தியாயமாக வரவேண்டும், படம் ஒன்றும் இல்லாவிட்டாலும்.

இன்னொரு சின்ன விசயம், இது தொழில்காரனின் நச்சரிப்பு. உங்கள் நாட்டில் கரண்ட் 50 ஹேர்ட்ஸா, 60ஆ? தொலைக்காட்சி முறை பெரும்பாலும் அதை ஒட்டித்தான் அமையும். அனலொக் காலத்தில் எங்களுடையது பால் (PAL) என்ற கலர் முறை, அமெரிக்காவினுடையது என்.ரீ.எஸ்.சி. (NTSC) என்ற வேறு முறை. பால் மட்டும் எடுக்கிற பழைய ரீவியில் அங்கத்தைய கசற்றைப் போட்டால் படம் கறுப்பு வெள்ளையாக வரும், இல்லாவிட்டால் உருளும். 1974இல் கலர் என்று எழுதுவதற்கு முன்னர் இதைத் தீர்மானியுங்கள்.

உங்கள் வரைபடத்தில் வடக்கே பச்சை அடித்து, ஒரு குளமும் இரண்டு ஊரும் போட்டுவிட்டு, மேலே ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். அந்த இரண்டு ஊருக்கும் எந்த ஆண்டு படம் வந்தது? அதுவரை அங்கே யாருடைய ஜெனரேற்றர் ஓடியது? குளக்கட்டுக்குப் பக்கத்தில், மேட்டு நிலம் என்று எனக்குப் பட்ட இடத்தில், பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். கோபுரத்துக்கு. பென்சில்தான், பிடிக்காவிட்டால் அழிக்கலாம். கொப்பி கடையில் மேசை லாச்சிக்குள் இருக்கிறது, சனிக்கிழமைக்கு முன் யாராவது வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
ரேடியோக்கடை மாமா