மகளுக்கு, தேர்வுக் காலம் முடிந்த பிறகு

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம். நீயும் நலம் என்றுதான் ஒவ்வொரு முறையும் சொல்கிறாய். ஆனால் இப்போதெல்லாம் நீ அழைத்துப் பேசுவது குறைந்துவிட்டது. ஜெர்மனிக்கும் நமக்கும் குளிர்காலத்தில் நாலரை மணி நேர வித்தியாசம், நீ அறைக்குத் திரும்பும்போது நாங்கள் உறங்கியிருப்போம் என்று நீ சொன்ன காரணத்தை அம்மா நம்பிவிட்டாள். நான் நம்பியதாகக் காட்டிக்கொண்டேன். போன குளிர்காலத்திலும் அதே நாலரை மணி நேரம்தான் இருந்தது. இந்த மார்ச் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை முன்னே நகர்த்திவிட்டால் அது மூன்றரையாகிவிடும். அப்போது என்ன காரணம் சொல்வாய்?

விரிவுரை முடிந்ததும் மாணவர்கள் கைதட்டாமல் விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள் என்பதையும், பத்து மணி வகுப்பு பத்தேகாலுக்குத் தொடங்குவது அங்கே தாமதம் அல்ல, பழைய வழக்கம் என்பதையும், முகத்துக்கு நேரே தவறு என்று சொன்னவர்களே அடுத்த நிமிடம் இயல்பாகச் சிரித்துப் பேசுவார்கள் என்பதையும் நீ சொல்லச் சொல்ல, நான் அலுவலகத்தில் எல்லோரிடமும் பெருமையாகத் திருப்பிச் சொன்னேன். 1.0தான் மிக உயர்ந்த மதிப்பெண், 5.0 என்றால் தோல்வி என்பதைச் சித்தப்பாவுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடும் உனக்குத் தெரியும். பிப்ரவரித் தேர்வுகள் என்னவாயின என்று இப்போது அவர்தான் கேட்கிறார். முடிவு வரத் தாமதமாகும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் தேர்வைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை. பொதுவாக ஒன்று சொல்கிறேன். அங்கே பல வகுப்புகளில் வருகைப்பதிவு கிடையாது. செமஸ்டர் முழுவதும் படித்ததைப் பெரும்பாலும் கடைசியில் ஒரே தேர்வு தீர்மானிக்கிறது. ஒரு மாணவி வரவில்லை என்றால் பெற்றோருக்குத் தகவல் வராது. அதை அக்கறையின்மை என்று எண்ணாதே; உன்னை வளர்ந்தவளாக மதிக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால், சின்ன வயதிலிருந்தே காய்ச்சல் வந்தால்கூட நாங்கள் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கும்வரை சொல்லாத பெண் நீ. அந்தப் பழக்கம் அந்த நாட்டுக்கு உதவாது. பேராசிரியரைச் சந்திக்கும் நேரத்தில் போய்க் கேள். தேர்வு அலுவலகத்தில் கேள். மாணவர் நலச் சேவை அமைப்பில் மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அங்கே போவது மானக்கேடு அல்ல. தேர்வன்று உடல்நலமில்லாமல் போனால் மருத்துவச் சான்றிதழை உரிய காலத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன்.

பல படிப்புகளில் ஒரு தேர்வை மூன்று முறைதான் எழுத முடியும் என்றும், மூன்றாவதிலும் தவறினால் அந்தப் படிப்பையே தொடர முடியாது என்றும் படித்தேன். ஆகவே கடைசி வாய்ப்புக்குப் பதிவு செய்யும் முன்பே யாரிடமாவது போய்க் கேட்க வேண்டும்; அதற்குப் பிறகு கேட்டுப் பயனில்லை. அத்தை மகன் விஷயத்தை நான் இங்கே எழுதவில்லை.

இன்னொன்று. 2024 மார்ச்சிலிருந்து வெளிநாட்டு மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள்கள் வேலை செய்யச் சட்டம் அனுமதிக்கிறது. அத்தனை நாளும் நீ செய்தாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. விசாவுக்காக முன்கூட்டியே பணம் கட்டி, மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்கக்கூடிய அந்த பிளாக்டு அக்கவுண்டில் போட்ட 11,904 யூரோவும் நீ உட்கார்ந்து படிப்பதற்காகப் போட்ட பணம். எனக்குச் சுமை குறைய வேண்டும் என்று இரவு வேலைக்குப் போகிறாயோ என்று அம்மா சந்தேகப்படுகிறாள். அவள் சந்தேகம் என்று எழுதிவிட்டேன்; என்னுடையதும்தான்.

நம் குடும்பத்தில் கடல் கடந்து படிக்கப் போன முதல் ஆள் நீ. தனியாக அறை பிடித்து, நகராட்சியில் முகவரியைப் பதிந்து, வதிவிட அனுமதியும் வாங்கியவளுக்கு, அப்பாவிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல மட்டும் துணிவு வரவில்லையா?

கேட்கப்போவதில்லை என்று மேலே எழுதினேன், கேட்டுவிடுகிறேன். எந்தப் பாடம்? எழுதியது எத்தனையாவது முறை? இந்த இரண்டுக்கு மட்டும் பதில் எழுது. அம்மாவிடம் எதைச் சொல்வது, சித்தப்பாவிடம் எதைச் சொல்வது என்பதை அதன் பிறகு நாம் இருவரும் பேசி முடிவு செய்யலாம்.

அன்புடன்,
அப்பா