போரா குகையில் இரண்டு நிமிடம் விளக்கை அணையுங்கள்

ஆந்திரத்தின் போரா குகையைக் கவனித்துக்கொள்ளும் சுற்றுலா அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்னையிலிருந்து எழுதுகிறேன். விசாகப்பட்டினத்தில் கிரண்டுல் ரயிலேறி, வழியில் வரும் சுரங்கங்களை எண்ணிக்கொண்டே வந்து போரா குகலு நிலையத்தில் இறங்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். மூன்று முறை வந்துவிட்டேன். கடைசி முறை ஒன்பது வயது மகளையும் கூட்டிவந்தேன். அவள் கேட்ட கேள்விதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

"இந்தக் கல்லின் சொந்த நிறம் என்னப்பா?"

நான் விழித்தேன். எதிரே கூரையிலிருந்து தொங்கிய கல்விழுது வண்ண விளக்கில் பச்சையாக இருந்தது. பக்கத்தில் இருந்தது ஊதா. அதற்கும் அந்தப்பக்கம் கல்யாண மண்டப வாசலைப் போல ஒரு சிவப்பு. மூன்று முறை வந்தவனுக்கு அந்தக் கல்லின் நிறம் தெரியவில்லை.

சிறிது நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. "கதலகண்டி, கதலகண்டி" என்றார் எங்களோடு வந்த வழிகாட்டி. அசையாதீர்கள் என்று அர்த்தம். இளைஞர், மேலே உள்ள மலைக்கிராமத்துக்காரர். முதலில் கூட்டம் கூச்சலிட்டது, பிறகு தானாகவே அடங்கியது. அப்போதுதான் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. ஒன்று அருகில், ஒன்று எங்கோ தள்ளி, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத தாளத்தில். வழிகாட்டி ஒரு சிறிய டார்ச்சை எடுத்துக் கல்லின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். பால் அதிகம் விட்ட டீயின் நிறம். ஈரம் பட்ட இடத்தில் கற்கண்டைப் போல மினுமினுப்பு. நுனியில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று நின்றது. மகளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. மின்சாரம் வந்ததும் ஆளாளுக்கு விசில் அடித்தார்கள். கல் மறுபடி ஊதாவானது.

தற்செயலாகக் கிடைத்த அந்த இரண்டு நிமிடத்தை ஒவ்வொரு குழுவுக்கும் வேண்டுமென்றே கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், வழுக்கும் படிகள், கைக்குழந்தைகள் என்று நீங்கள் சொல்லப்போவது தெரிகிறது. கைப்பிடி போட்ட சமதளம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, குழுவை அங்கே நிறுத்திவிட்டு, அந்தப் பகுதி விளக்கை மட்டும் அணைத்தால் போதும். அமெரிக்காவின் மாமத் குகையில் வழிகாட்டிகள் விளக்கை அணைத்து இருட்டைக் காட்டுவது வழக்கம். இருட்டும் குகையின் ஒரு பகுதிதானே! டிக்கெட் வாங்கியவர்களுக்கு அதை மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?

மீதி நேரத்துக்கும் வண்ண விளக்குகள் வேண்டாம் என்பேன். ரசனையை விடுங்கள், இது குகையின் ஆயுள் சம்பந்தப்பட்டது. ஓயாமல் வெளிச்சம் விழும் ஈரக் கல்லில் பாசி பிடிக்கும். பிறகு அது கல்லை அரிக்கும். சுரண்டினால் கல்லும் சேர்ந்து போகும். ஆதி மனிதர்களின் ஓவியங்கள் உள்ள பிரான்சின் லாஸ்கோ குகையை 1948இல் மக்களுக்குத் திறந்தார்கள். கூட்டத்தின் மூச்சுக்காற்றாலும் பாசியாலும் ஓவியங்கள் கெடுவதைக் கண்டு 1963இல் மூடிவிட்டார்கள். போராவில் ஓவியம் இல்லைதான். ஆனால் ஓர் அங்குலம் வளர நூற்றாண்டுகள் எடுத்துக்கொள்ளும் கல் இருக்கிறது. ஆள் வரும்போது மட்டும் எரிகிற, சூடு குறைந்த வெள்ளை விளக்குகள் போதும்.

நிறம்தான் வேண்டுமென்றால் அதுவும் உங்களிடமே இருக்கிறது. குகையின் ஆழத்தில், சூரிய வெளிச்சமே எட்டாத இடத்தில், கந்தக ஊற்று கசியும் வாயருகே ஆரஞ்சு நிற நுண்ணுயிர்ப் படலம் படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கூட்டத்தை அங்கே அழைத்துப்போகச் சொல்லவில்லை. வாசலில் ஒரு நல்ல படமும் நாலு வரி விளக்கமும் வைக்கலாம்.

வாசல் விளக்கம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 1807இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஆங்கிலேயர் ஒருவர் இந்தக் குகையைக் கண்டுபிடித்தார் என்று எல்லாச் சுற்றுலாக் குறிப்புகளும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதுகின்றன. அந்தத் துறை தொடங்கியதே 1851இல்தான்! மேலே மேய்ந்துகொண்டிருந்த பசு கூரை ஓட்டை வழியாக உள்ளே விழுந்தது, தேடிவந்தவர் லிங்கம் போன்ற கல்லைக் கண்டார் என்று ஊர்க்காரர்கள் சொல்லும் கதை இதைவிட எவ்வளவோ மேல். அதில் தேதிக் குழப்பமாவது இல்லை.

அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல இன்னொரு கதையும் உண்டு. அனந்தகிரி வட்டாரத்துப் போரா கிராமங்களில் சுரங்கக் குத்தகை கொடுத்ததை எதிர்த்து சமதா என்ற தொண்டு அமைப்பு தொடுத்த வழக்குதான் சமதா வழக்கு. பழங்குடியினரின் பாதுகாப்புக்காக அரசமைப்பின்படி அறிவிக்கப்பட்ட பட்டியல் பகுதிகளில் அரசு நிலத்தைக்கூடப் பழங்குடியினர் அல்லாதவர்களுக்குக் குத்தகைக்கு விடக்கூடாது என்று 1997இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடு முழுவதும் சட்ட மாணவர்கள் படிக்கிற தீர்ப்பு. அது பிறந்த ஊரில் இறங்கி, மூங்கில் சிக்கன் தின்றுவிட்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் நாங்கள் ரயிலேறுகிறோம்.

வழிகாட்டிகளோ இது முதலை, இது ரிஷியின் தாடி, அது சிவன் பார்வதி என்று நாளெல்லாம் டார்ச் அடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். குழந்தைகளுக்கு அது பிடிக்கிறது, எனக்கும்தான். ஆனால் அன்று இருட்டில் அந்த இளைஞர் ஓர் உருவத்தையும் காட்டவில்லை. தலைக்கு மேலே தண்டவாளம் போகிறது, இரும்புத்தாது ரயில் போகும்போது கவனியுங்கள் என்று மட்டும் சொன்னார். நாற்பது பேரும் அண்ணாந்து பார்த்தபடி காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். குகையை மேம்படுத்துவது பற்றிப் பேச உட்காரும்போது, மேசைக்கு இந்தப் பக்கம் அவரைப் போன்றவர்கள் இரண்டு பேரையாவது உட்கார வையுங்கள்.

அடுத்த முறை வரும்போது தன்னுடைய டார்ச்சைத் தானே கொண்டுவருவேன் என்று மகள் இப்போதே சொல்லிவிட்டாள். வாசலில் அதற்குத் தடை ஏதாவது இருந்தால் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். அவளைச் சமாதானப்படுத்த எனக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு பயணி