கிளினிக் போகும் நாளுக்கும் பேர் போட வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

மலையகத்துத் தோட்டப் பாடசாலைகளில் 31 வருடங்கள் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். வைத்தியத் துறையைச் சார்ந்தவள் அல்ல. ஆயினும் என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் இன்று கொழுந்து பறிக்கும் தாய்மாராக இருப்பதாலும், கிளினிக் அட்டையில் எழுதியிருப்பது என்னவென்று கேட்டு அவர்கள் என் வீட்டுப் படியேறுவது வழக்கமாகிவிட்டதாலும், கர்ப்பகாலப் பரிசோதனைகள் பற்றி நான் அருகிலிருந்து கண்டவற்றைத் தங்கள் பத்திரிகை வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

என் பழைய மாணவி ஒருத்திக்குக் கர்ப்பத்தின் 26ஆம் வாரத்தில் சர்க்கரைப் பரிசோதனை செய்ய வேண்டுமெனக் குறிப்பிட்ட திகதி ஒன்று கொடுக்கப்பட்டது. இரவு உணவுக்குப் பின் எதுவும் உண்ணாமல் வெறுவயிற்றோடு செல்ல வேண்டும். முதலில் இரத்தம் எடுப்பார்கள். பின்னர் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணித்தியாலம் அங்கேயே உட்கார வைத்து, மீண்டும் இரத்தம் எடுப்பார்கள். தோட்டத்தின் மேல் டிவிஷன் லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பிலிருந்து) பாதைக்கு இறங்கி, பஸ் பிடித்து, இவையெல்லாம் முடிந்து திரும்பும்போது மாலையாகிவிடும். அது கொழுந்து பொங்கும் காலம். அன்றைய பேரையும் (ஒரு நாள் வேலைக்கான வரவுப் பதிவையும் அதற்குரிய கூலியையும்) மேலதிகக் கிலோவுக்கான காசையும் இழக்க மனமின்றி, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் மலைக்குப் போய்விட்டாள். அடுத்த மாதம் போனபோது, நடக்கத் தெம்பு வேண்டுமென்று மாமியார் வற்புறுத்திக் கொடுத்த ஒரு ரொட்டியைத் தின்றிருந்ததால் திருப்பி அனுப்பப்பட்டாள். 35ஆம் வாரத்தில் வயிறு இருக்க வேண்டியதைவிடப் பெரிதாக இருப்பதைக் கண்டு பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். அங்கே இன்சுலின், பிறகு சத்திரசிகிச்சை. நான்கு கிலோவுக்கு மேற்பட்ட நிறையோடு பிறந்த குழந்தைக்குச் சில மணித்தியாலங்களில் சர்க்கரை இறங்கிவிட, அதைத் தனிப் பிரிவில் வைத்துப் பார்த்தார்கள். தாயும் பிள்ளையும் இன்று நலமாக இருக்கிறார்கள்.

அவளைக் "கவனமில்லாதவள்" என்று லயமே பேசியது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கர்ப்பகால நீரிழிவு பெரும்பாலும் எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. தலை சுற்றினால், இரத்தம் பட்டால், காலில் நீர் இறங்கினால் எந்தத் தாயும் வேலையை விட்டுவிட்டு ஓடுவாள். உடம்பில் ஒன்றுமே தெரியாதபோது ஒரு நாட்கூலியை விட்டுக்கொடுக்கச் சொன்னால், அடுப்பில் பானை வைக்க வேண்டியவள் தயங்கத்தான் செய்வாள். 24 முதல் 28 வாரத்துக்குள் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இதைச் செய்வதற்கான காரணமும், இது எளிதில் தவறிப்போவதற்கான காரணமும், நோய் இப்படி மறைந்திருப்பதுதான்.

கணக்கைப் பாருங்கள். கர்ப்பகாலத்தில் குறைந்தது எட்டுத் தடவையாவது ஒரு தாய் சுகாதார சேவையைச் சந்திக்க வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2016இல் பரிந்துரைத்தது. 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தை வைத்துக் கணக்கிட்டாலும் எட்டு நாட்களுக்கு 10,800 ரூபா ஆகிறது. பஸ் கட்டணம் இதில் சேரவில்லை. மழை நாளில் முச்சக்கர வண்டிக்குக் கொடுப்பதும் சேரவில்லை. இலவசம் என்று நாம் பெருமையோடு சொல்லும் சேவைக்கு, தோட்டத் தொழிலாளி செலுத்தும் கட்டணம் இதுதான்.

1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் அவளுக்கு 12 வாரப் பேறுகால விடுப்பை வழங்குகிறது. மூன்றாம் பிள்ளைக்கும் அதற்குப் பின் பிறப்பவர்களுக்கும் குறைவாக இருந்த அந்த விடுப்பு 2018இல் சமப்படுத்தப்பட்டது; நல்ல திருத்தம். ஆனால் அந்த 12 வாரங்களில் பிரசவத்துக்கு முன் வருவது இரண்டு வாரங்களே. எட்டு வாரத்துக்குள் செய்ய வேண்டிய பதிவு, ஆரம்ப இரத்தப் பரிசோதனைகள், 18 முதல் 22 வாரத்துக்குள் குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன், மேலே சொன்ன சர்க்கரைப் பரிசோதனை ஆகிய அனைத்தும் அந்த இரண்டு வாரத்துக்கு வெகுகாலம் முன்பே முடிந்துவிட வேண்டியவை. அந்த நாட்களில் தோட்டத்தின் வரவுப் பதிவேடான செக்ரோலில் அவள் வேலைக்கு வராதவள் மட்டுமே.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். கிளினிக் அட்டையில் திகதியிடப்பட்டு ஒப்பமிடப்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் தோட்ட நிர்வாகம் முழுப் பேர் போட வேண்டும். இதனைத் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்று ஒரு கணக்கப்பிள்ளை என்னிடம் வாதிட்டார். அட்டையில் நிறையும் இரத்த அழுத்தமும் திகதியோடு பதியப்பட்டிருக்கும்போது எப்படித் தவறாகப் பயன்படுத்துவது என்று கேட்டேன், பதில் வரவில்லை. சில தோட்டங்களில் பிள்ளை மடுவத்திலோ (குழந்தைகள் பராமரிப்பு நிலையத்திலோ) டிஸ்பென்சரியிலோ மாதம் ஒருமுறை கிளினிக் நடப்பதையும், அன்று தாய்மாருக்குச் சிறிது நேரம் விட்டுக்கொடுப்பதையும் நான் அறிவேன். நிறை பார்க்கவும், அழுத்தம் பார்க்கவும், திரிபோஷா சத்துமா வாங்கவும் அது போதும். ஸ்கேனுக்கும் சர்க்கரைப் பரிசோதனைக்கும் நகரத்துக்குத்தான் இறங்க வேண்டியிருக்கிறது.

கூலியை ஈடுசெய்து அனுப்பினால் மட்டும் போதாது, போன நாள் பயனுள்ளதாகவும் அமைய வேண்டும். என்னிடம் வரும் அட்டைகளில் எழுத்துகள் ஆங்கிலச் சுருக்கங்களாகவே இருக்கின்றன. ஒருத்திக்கு ஈமோகுளோபின் 9.4 என்று இருந்தது. டெசிலீற்றருக்கு 11 கிராமுக்குக் குறைந்தால் கர்ப்பிணிக்கு இரத்தசோகை என்பது பொதுவான எல்லை. மலையில் வாழும் நமக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. உயரம் கூடக் கூட ஒட்சிசன் குறைவதால் உடல் தானாகவே ஈமோகுளோபினைச் சற்று உயர்த்திக்கொள்கிறது. எனவே 500 மீற்றரிலும் அதற்கு மேலும் வாழ்வோருக்கு அந்த எல்லையை உயர்த்திப் பார்க்க வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அறிவுரை. நுவரெலியா நகரம் ஏறத்தாழ 1,870 மீற்றரில் இருக்கிறது. ஹட்டன் 1,200 மீற்றருக்கு மேல். கொழும்பில் 11 என்பதும் இங்கே 11 என்பதும் ஒன்றல்ல. இது எதுவும் அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. "மாத்திரை தந்தாங்க டீச்சர், பத்து மணித் தேத்தண்ணியோட போடுறேன்" என்றாள். தேயிலைச் சாயத்தில் உள்ள பொருட்கள் இரும்புச்சத்தை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. தேயிலை மலையில் இருந்துகொண்டு இதை எழுத எனக்கே சங்கடமாக இருக்கிறது. சாயத்தோடும் கல்சியம் மாத்திரையோடும் சேர்க்காமல், தண்ணீரோடு வேறு நேரத்தில் விழுங்கச் சொன்னேன். இரண்டு நிமிடத் தமிழில் முடிந்த விடயம் இது.

இன்னொரு இளம்பெண் அழுதுகொண்டே வந்தாள். எச்.ஐ.வி.க்கும் மேகநோய்க்கும் தன் இரத்தத்தைப் பரிசோதித்ததாக யாரோ சொல்ல, தன் நடத்தையைச் சந்தேகித்துவிட்டார்கள் என்று அவள் எண்ணிவிட்டாள். நாட்டிலுள்ள எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இப்பரிசோதனை வழங்கப்படுகிறது. அதன் பயனாகவே, தாயிடமிருந்து குழந்தைக்கு இவ்விரு நோய்களும் தொற்றுவதை ஒழித்த நாடு என இலங்கையை உலக சுகாதார ஸ்தாபனம் 2019 டிசம்பரில் அங்கீகரித்தது. இரத்தம் எடுக்குமுன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அழுதிருக்க மாட்டாள்.

இதனைக் குடும்ப நல உத்தியோகத்தர்கள், அதாவது மிட்வைஃப்மார், மீதான குற்றச்சாட்டாக யாரும் கொள்ளலாகாது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழியில், வீடுவீடாக ஏறி இறங்கும் அந்தப் பெண்களால்தான் இந்நாட்டில் பிரசவ மரணங்கள் இவ்வளவு குறைந்தன. எங்கள் பக்கத்து மிட்வைஃப் சிங்களம் பேசுபவர். அட்டைப் பூச்சிகள் நிறைந்த பாதைகளில் மழைக்கோட்டுடன் நடந்து வருபவர். தமக்குத் தெரிந்த தமிழில் இயன்றவரை விளக்குபவர். அவருக்குத் துணையாகத் தமிழ் பேசும் உத்தியோகத்தர்களைக் கூடுதலாக நியமிப்பதும், ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே "சரி", "குறைவு", "மீண்டும் பார்க்க" என்று தமிழில் குறிப்பதும் சுகாதாரத் திணைக்களத்தின் கடமையாகும்.

எங்கள் பக்கத்திலும் ஒரு குறை உண்டு. மூன்று மாதம் முடியுமுன் வெளியில் சொன்னால் கண்பட்டுவிடும் என்று மறைப்பது இன்றும் இருக்கிறது. ஊருக்குச் சொல்ல வேண்டாம், மிட்வைஃபுக்குச் சொல்லலாம். ஆரம்பத்திலேயே தெரிந்தால்தான் ஃபோலிக் அமில மாத்திரையும் சரியான காலக்கணிப்பும் பயன்தரும்.

தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. சம்பள நிர்ணய சபையில் நீங்கள் நாட்கூலியின் ரூபாவைப் பற்றிப் பேசுவது நியாயமே. அடுத்த தடவை அந்த மேசையில் அமரும்போது, கிளினிக் நாளுக்கான பேரையும் ஒரு கோரிக்கையாக எழுதிக்கொண்டு போங்கள். ஒரு தோட்டத்தில் ஒரே காலத்தில் கர்ப்பிணிகளாக இருப்பவர்கள் சிலரே. கம்பெனிகளுக்கு இது தாங்க முடியாத சுமையல்ல.

நான் மேலே குறிப்பிட்ட மாணவிக்கு, பிரசவத்தின் பின் ஆறு வாரம் கழித்துச் சர்க்கரையை மீண்டும் பார்க்க வேண்டுமென்று சொல்லியிருந்தார்கள். அதே வெறுவயிறு, அதே பஸ், அதே காத்திருப்பு. குறித்த திகதியில், பிள்ளையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, விடியற்காலையிலேயே அவள் போய் வந்தாள். அப்போது அவள் பேறுகால விடுப்பில் இருந்தாள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
ஹட்டன்.